ஒரு பிடி களிமண்

பிப்ரவரி 9

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். நானும் மாமாவும் சுகம். உன் இருமல் விட்டதா? நாளெல்லாம் பட்டறைப் புகையை விழுங்கிவிட்டு, சாயங்காலம் ஒரு மிட்டாயைச் சப்பினால் அது எப்படிப் போகும்? வெந்நீராவது குடி. உன் பெண்டாட்டி முட்டிவலி எப்படி இருக்கிறது என்றும் எழுது.

போனில் கூப்பிட்டால் உன் பட்டறைச் சம்மட்டிதான் எனக்குப் பதில் சொல்கிறது. அதனால்தான் கடிதம். நான் சொல்லச் சொல்ல மாமா எழுதுகிறார். என் கையெல்லாம் செடிப்பால், காகிதத்தைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும். (மச்சான், ஒரு வரியைச் சொல்லிவிட்டு அதையே அடிக்கச் சொல்கிறாள். பஸ் ஓட்டுவது இதைவிடச் சுலபம். மாமா.)

விஷயத்துக்கு வருகிறேன். நாற்றுப்பண்ணைக்குப் புது சூப்பர்வைசர் வந்திருக்கிறார். போன பருவத்தில் நான் கட்டிய ஒட்டுச்செடிகளில் பாதிக்குமேல் பட்டுப்போயின. அவர் என்னைக் கூப்பிட்டு, "மழைக்கு முன்னாடி இன்னொரு தடவை பார்ப்போம்மா. அப்பவும் இப்படியே இருந்தா நீங்க தண்ணி ஊத்துற பக்கம் போயிடுங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் இத்தனை வருஷம் ஒட்டுக் கட்டியவள் வாளி தூக்கிக்கொண்டு மற்றவர்கள் கட்டிய செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதா?

எல்லாம் இந்தக் கத்தியால்தான். மெல்லிய பிளாஸ்டிக் பிடி, கையில் நிற்கவே மாட்டேன் என்கிறது. பண்ணையைப் பார்க்க வந்த ஒருவர் இடுப்பில் வேறு மாதிரி ஒரு கத்தி இருந்தது. தோல் வில்லைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இறுக்கிச் செய்த பிடி. வெட்கத்தை விட்டுக் கேட்டு வாங்கிப் பிடித்துப் பார்த்தேன். அது வழுக்கவில்லை தம்பி. அப்படியே கையில் நின்றது. எனக்கு அதுபோல ஒன்று செய்து தருவாயா? பிடி மட்டும் நல்ல தடிமனாக இருக்கட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கம். இருமல் முக்கால்வாசி போய்விட்டது. மீதியை உன் திட்டுக்குப் பயந்து விழுங்கிவிட்டேன். அவள் முட்டி பரவாயில்லை. மாமாவின் முதுகு எப்படி இருக்கிறது?

உன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். நீ என்னிடம் ஒன்று கேட்டிருக்கிறாய். என் முதல் சம்பளத்தில் உனக்கு என்ன வேண்டும் என்றபோதுகூட, "நீ ஒழுங்கா வேலைக்குப் போனா அது போதும்டா" என்றவள் நீ. அப்படிப்பட்டவள் வாய் திறந்து கேட்டால் நான் ஒரு கத்தி செய்து தர மாட்டேனா?

ஆனால் ஒன்று, நான் லாரிக்கு ஸ்பிரிங் பட்டை மாட்டுகிறவன். பிறந்ததிலிருந்து ஒரு கத்தி செய்ததில்லை. முதலாளியிடம் போய் ஒடிந்த பட்டை ஒன்று கேட்டேன். "எதுக்குய்யா?" என்றார். அக்காவுக்கு என்றேன். "உங்க அக்கா லாரியா ஓட்டுறாங்க?" "இல்லைங்க. மாமா பஸ் ஓட்டுறார். அக்கா மாமாவை ஓட்டுறாங்க." சிரித்துக்கொண்டே நல்ல பட்டையாகப் பார்த்து எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

அலகு எப்படி இருக்க வேண்டும், எவ்வளவு நீளம், எல்லாம் எழுது. வாளிப் பேச்சை எல்லாம் மறந்துவிடு. மழைக்கு முன் கத்தி உன் கையில் இருக்கும்.

உன் தம்பி


மார்ச் 8

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். மாமாவின் முதுகு அவர் சொல்கிற அளவுக்கு மோசமில்லை. (இருக்கிறது. மாமா.) இன்றும் அவர்தான் எழுதுகிறார். என் கண்ணாடியை எங்கேயோ வைத்துவிட்டேன்.

கத்தி சின்னதாக இருந்தால் போதும், உன் நடுவிரல் நீளம். விளிம்பு நேராக இருக்க வேண்டும். முக்கியமானது, தீட்டின சரிவு ஒரு பக்கம் மட்டும்தான். மறு பக்கம் கண்ணாடிபோலத் தட்டையாக இருக்க வேண்டும். அந்தத் தட்டைப் பக்கம் குச்சியில் படிந்து போனால்தான் வெட்டு நேராக வரும். இரு பக்கமும் சரிவு வைத்தால் அது காய் நறுக்கத்தான் ஆகும்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்பாய். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே மயிரிழை அளவுக்கு ஒரு பச்சைக் கோடு உண்டு. வேர்ச்செடியின் கோடும் அதன்மேல் வைக்கிற குச்சியின் கோடும் தொட்டுக்கொண்டால் போதும், இரண்டும் ஒரே செடியாகிவிடும். ஆனால் ஒரே இழுப்பில் வெட்ட வேண்டும். இரண்டாம் தரம் சீவினால் மேடு பள்ளமாகும், இடையில் காற்று நுழையும், செத்துப்போகும். ஒரு எலுமிச்சைக் குச்சி, அதற்கு வேரே இல்லை, யாரோ ஒருத்தியின் கைவெட்டை நம்பி வேறொரு செடியின் தலையில் உட்கார்ந்து மொட்டு விடுகிறது. இன்றைக்கும் அதைப் பார்த்தால் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கும் தம்பி. அந்த இடத்தில் இருந்து என்னை அனுப்பிவிடக் கூடாது.

சரிவு எந்தப் பக்கம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. (இங்கே ஒரு வரி சொல்லிவிட்டு அதை அடிக்கச் சொன்னாள். பிறகு, "அவனுக்குத் தெரியும், எழுதுங்க" என்றாள். மாமா.)

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். நீயும் மாமாவும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கண்ணாடி கிடைத்ததா? தலையில்தான் இருக்கும், தடவிப் பார்.

அக்கா, நான் ஒன்று பார்த்தேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் மண்டை வெடித்துவிடும். பட்டையைச் சூடாக்கி, சாம்பலில் புதைத்து மெதுவாக ஆறவிட்டு, அறுத்து, அரத்தால் ராவி அலகாக்கினேன். பிறகு கெட்டிப்படுத்த உலையில் வைத்தேன். சிவக்கச் சிவக்கக் காந்தத்தைக் கிட்டே காட்டிக்கொண்டே இருந்தேன். ஒட்டியது. இன்னும் ஒட்டியது. அப்புறம் ஒரு நொடியில் ஒட்டவில்லை. அதே இரும்பு, அதே காந்தம், ஒன்றுக்கொன்று யாரென்றே தெரியாதவை ஆகிவிட்டன. அந்த நொடியில் முக்க வேண்டும். முதல் அலகைத் தண்ணீரில் முக்கினேன். 'ணங்' என்று ஒரு சத்தம், குறுக்கே விரிசல். வாயில் வந்த வார்த்தையை இங்கே எழுத முடியாது. இரண்டாவதை எண்ணெயில் முக்கினேன். பிழைத்தது.

அதோடு விடவில்லை. மினுக்கித் திரும்ப லேசான சூட்டில் வைத்தால், இரும்பின்மேல் நிறம் நடந்து வருகிறது. முதலில் வெளிர் மஞ்சள், பிறகு வைக்கோல் நிறம். இன்னும் விட்டால் ஊதா, நீலம். வைக்கோலில் நிறுத்தினேன். கையில் இடுக்கியோடு வாயைப் பிளந்து நின்றேன். முதலாளி வந்து, "என்னய்யா, சாமி கண்ட மாதிரி நிக்கிறே?" என்றார். பதினைந்து வயதிலிருந்து இரும்போடு குடித்தனம் செய்கிறேன், அதன் முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இனி பிடி. தோலைச் சும்மா உருட்டி விடப்போவதில்லை, உன் கைக்கு அளவெடுத்துச் செய்யப்போகிறேன். பண்ணைக் களிமண்ணைக் கொஞ்சம் பிசைந்து, வெட்டும்போது கத்தியை எப்படிப் பிடிப்பாயோ அப்படி அழுத்திப் பிடி. காயவைத்து எனக்கு அனுப்பு. நாளைக்கே அனுப்பு.

தம்பி


மே 16

அன்புத் தம்பிக்கு,

சுகம். அங்கேயும் சுகம்தானே.

தாமதமாகிவிட்டது. பண்ணையில் வேலை அதிகம், மண்ணும் காய மாட்டேன் என்றது. இத்துடன் துணியில் சுற்றி அனுப்பியிருக்கிறேன். உடைந்துவிடாமல் எடு. ரொம்ப யோசித்துக் குழப்பிக்கொள்ளாதே. இதில் இருப்பதுபோலவே செய்.

(களிமண் ஒரு வாளி காலி, மச்சான். இதற்குமேல் எழுத எனக்கு அனுமதி இல்லை. மாமா.)

அக்கா


ஜூன் 5

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். வீட்டில் எல்லோரும் நலம், அவள் முட்டிகூட இந்த வாரம் கோபித்துக்கொள்ளவில்லை. உன் கடிதம் மட்டும்தான் இளைத்துப் போயிருந்தது. இவ்வளவு நாள் காக்கவைத்துவிட்டு நாலு வரியா?

களிமண்ணைப் பிரித்ததும் ஒரு கணம் திடுக்கிட்டேன். கட்டைவிரல் தடம் எதிர்ப்பக்கம் இருந்தது. அவளும் எட்டிப் பார்த்து, "அக்கா இடது கைக்காரங்களா?" என்று கேட்டாள். சிரித்துவிட்டேன். பட்டறைக்கு வருவதற்கு முன் வார்ப்படச்சாலையில் மண் அச்சோடு கிடந்தவன் நான். அச்சு என்றால் மாறித்தான் இருக்கும், வலது இடதாகும், இடது வலதாகும் என்று அவளுக்குப் பாடமே எடுத்தேன். ஒவ்வொரு பள்ளத்தையும் மறு பக்கத்துக்கு மாற்றிக் குறித்துக்கொண்டேன்.

தோல் கேட்டு எதிர்ச் செருப்புக்கடைக்காரரிடம் போனேன். "கத்திக்குச் செருப்பு தைக்கப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டு, தடித்த அடித்தோல் துண்டுகள் ஒரு பை நிறையக் கொடுத்தார். கருத்தது, சிவந்தது, தேன் நிறம், எல்லாம் கலந்து இருந்தது. வட்டமாக வெட்டி, நடுவில் துளைபோட்டு, பிடிக்குள் போகிற கத்தியின் வாலில் ஒவ்வொன்றாகக் கோத்தேன். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே பசை. கடைசியில் பித்தளை வில்லை வைத்து, நட்டை முறுக்கினேன். முறுக்க முறுக்க, ஒரு சாண் இருந்த அடுக்கு உள்ளங்கை அகலத்துக்கு இறங்கிவிட்டது.

பசை காய்ந்ததும் அரம் போட்டேன். அக்கா, அது தோல் இல்லை. விரலால் தட்டினால் கட்டைபோலச் சத்தம். ஓரங்கள் மட்டும் வெளியே தெரிய, வரி வரியாக, யாரோ மண்ணைத் தோண்டி அடுக்கடுக்காகக் காட்டின மாதிரி இருந்தது. எத்தனையோ மாட்டின் முதுகு, எந்தெந்தக் காட்டில் மேய்ந்ததோ, எல்லாம் இப்போது ஒரே உடம்பு. மெழுகு தேய்த்தபோது வரிகள் ஆழத்திலிருந்து மேலே வந்தன. அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நீங்களா செஞ்சீங்க?" என்றாள். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

பார்சலில் அனுப்பியிருக்கிறேன். முதல் வெட்டு எப்படி வந்தது என்று உடனே எழுது. நான் இங்கே நிலைகொள்ளாமல் இருக்கிறேன்.

தம்பி


ஜூலை 1

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீங்களும் சுகமாக இருங்கள்.

கத்தி வந்தது. இவ்வளவு அழகான ஒரு பொருள் என் பேருக்கு இந்த வீட்டுக்குள் வந்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு பிடியைத் தடவினேன். ஒரு வில்லைக்கும் அடுத்த வில்லைக்கும் நடுவே விரலுக்கு எதுவும் தெரியவில்லை. கண்ணைத் திறந்தால் அத்தனை வரி. என் தம்பி செய்தான் என்று ஒட்டுக் கொட்டகையில் எல்லோரிடமும் காட்டினேன். யாருக்கும் திருப்பித் தர மனம் வரவில்லை, ஒவ்வொருவர் கையிலிருந்தும் பிடுங்க வேண்டியிருந்தது.

நீ பட்ட பாட்டுக்கு நான் என்ன சொல்வது? நன்றாக இரு.

மாமா இன்று எதுவும் சேர்க்க மாட்டார். சொல்லிவிட்டேன்.

அக்கா


ஜூலை 9

மச்சானுக்கு,

இருவரும் நலம்தானே. அவளுக்குத் தெரியாமல், டிப்போவில் பஸ்ஸுக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். வாயைத் திறக்க மாட்டேன் என்று அவளுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன். ஆகவே நான் எதையும் சொல்லப்போவதில்லை.

கத்தி அற்புதமான கத்தி. தினமும் எடுத்துத் துடைக்கிறாள். வெட்டுவதில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தக் களிமண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா? இல்லையென்றால், அச்சு கிச்சு என்று மாற்றாமல், அப்படியே கையில் பிடித்துப் பாருங்கள். இரண்டு கையாலும் பிடித்துப் பாருங்கள்.

மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது. செடி பிடிக்கவும் நாள் வேண்டும். வண்டியை எடுக்கச் சொல்லி விசில் அடிக்கிறார்கள்.

மாமா


ஆகஸ்ட் 3

என் அக்காவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன் என்று எழுதினால் அது பொய். நீ நலமா என்று கேட்கவும் வாய் கூசுகிறது, இத்தனை மாதமாக அதைச் சடங்குக்குத்தானே கேட்டிருக்கிறேன்.

களிமண்ணை வலது கையில் பிடித்தேன். எங்கும் இடித்தது. இடது கைக்கு மாற்றினேன். அக்கா, ஒவ்வொரு விரலும் தானாகப் போய் அதனதன் இடத்தில் உட்கார்ந்தது. சுண்டுவிரல்வரை. உன் கை என் கைக்குள் இருந்தது. பட்டறை நடுவில் அப்படியே நின்றேன். அது அச்சே இல்லை, பிடியேதான். நீ பிடித்துக் கொடுத்த பிடி. அதில் மாற்ற ஒன்றுமே இல்லை. நீ சொன்னதை நான் என் கெட்டிக்காரத்தனத்தால் தலைகீழாக்கிவிட்டேன்.

இன்னொன்றும் பார்த்தேன். உருண்டையின் தலைப்பக்கம், இடது கை படாமல் விட்ட இடத்தில், லேசாக நாலு தடம். வெளிச்சத்தில் சாய்த்தால்தான் தெரிகிறது. நீ முதலில் வலது கையால் பிடித்திருக்கிறாய். ஈர மண்ணில்கூட கட்டைவிரல் பதியவே இல்லை. அதைப் பார்த்துத்தான் அழுதேன். வீட்டில் காட்டியபோது அவளும் அழுதாள். முதலாளி உலையை எனக்கு விட்டுவிட்டு மற்ற வேலையை அவரே பார்த்துக்கொண்டார்.

என்ன ஆயிற்று என்று நான் கேட்கப்போவதில்லை. நீயாகச் சொல்லும்போது சொல். மாமாவைத் திட்டாதே, அவர் சத்தியத்தை மீறவில்லை.

புதுக் கத்தி இத்துடன் வருகிறது. சரிவு இந்தத் தடவை மறு பக்கம், இடது கைக்கு ஏற்றபடி. பிடியை உன் களிமண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கண்ணை நம்பாமல், என் இடது கையால் பிடித்துப் பிடித்து அரம் போட்டேன். ஒரு இடத்தில் தோல் இன்னும் கொஞ்சம் இறங்க வேண்டும் என்று கண் சொன்னது, கை வேண்டாம் என்றது. கை சொன்னபடி விட்டேன்.

முதல் கத்தியைத் திருப்பி அனுப்பிவிடு. அதைப் பார்க்கும்போதெல்லாம் உனக்கு வேதனையாக இருக்கும். உலையில் போட்டுவிடுகிறேன்.

உன் முட்டாள் தம்பி


அக்டோபர் 6

என் அருமைத் தம்பிக்கு,

அக்கா சுகம். இந்தத் தடவை மெய்யாகவே சுகம். இதை நானே எழுதுகிறேன், இடது கையால். கோழி கிளறினதுபோல் இருந்தாலும் பொறுமையாகப் படி. இரண்டு நாளாக எழுதுகிறேன்.

வலது கட்டைவிரலின் அடிச்சதை வற்றிவிட்டது. மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கிறதாம், வருஷக்கணக்காகக் கட்டைவிரலை ஊன்றி ஊன்றி வெட்டியதில். போன வருஷமே விரல்கள் மரத்தன. கத்தி வழுக்குகிறது என்று உனக்கு எழுதினேன், எனக்கும் அப்படியே சொல்லிக்கொண்டேன். தடித்த பிடி இருந்தால் சரியாகிவிடும் என்று நிஜமாகவே நம்பினேன். களிமண்ணைப் பிடித்த அன்றுதான் தெரிந்தது. எனக்கே சொல்லிக்கொள்ளாததை உனக்கு எப்படி எழுதுவேன்? டாக்டர் அறுவை செய்தால் கை திரும்பலாம் என்றார், திரும்பாமலும் போகலாம் என்றார். எப்படியும் பல மாதம் கையை ஓய்வில் வைக்க வேண்டும். ஓய்வில் வைத்தால் கொட்டகையில் என் இடம் போய்விடும். அதனால் மாட்டேன் என்றுவிட்டேன்.

உன் கத்தி வந்த அன்று இடது கையில் எடுத்தேன். கை அதைத் தேடவே இல்லை தம்பி, ஏற்கெனவே அங்கேதான் இருந்தது. ஆனாலும் குச்சி குச்சியாகக் கெடுத்தேன். கழித்துப்போட்ட கிளைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து சீவினேன், மாமா சீவலைக் கூட்டிக்கொண்டே இருந்தார். ஒரு நாள் காலையில் ஒரே இழுப்பு. பார்த்தால் பச்சைக் கோடு அறுபடாமல் முழுசாக ஓடுகிறது. உடனே இன்னொன்று வெட்டினேன், அதுவும் அப்படியே. பண்ணைக்கு ஓடினேன், இந்த வயதில்.

போன வாரம் சூப்பர்வைசர் என் வரிசையைப் பார்க்க வந்தார். எல்லாக் குச்சியும் துளிர்த்து நிற்கிறது. குனிந்து பார்த்துவிட்டு, "இது யார் கட்டினது? வெட்டு மறு பக்கம் சாஞ்சிருக்கே" என்றார். மறைத்துப் பார்த்தது போதும் என்று இரண்டு கையையும் நீட்டிக் காட்டினேன். "இந்தக் கை போச்சுங்க. இதெல்லாம் இந்தக் கையால கட்டினது" என்றேன். அவர் ஒரு செடியைப் பிடித்து மெல்ல இழுத்துப் பார்த்தார். வரவில்லை. அடுத்ததையும் இழுத்தார். கடைசிவரை போய்விட்டுத் திரும்பி வந்து, "கொட்டகையிலேயே இருங்கம்மா. கையைக் காட்டி வைத்தியம் பண்ணிக்குங்க, உங்க இடத்துல யாரும் உட்கார மாட்டாங்க" என்றார். அவர் போன பிறகும் நான் அந்த வரிசையை விட்டு நகரவில்லை. வேரில்லாத குச்சிகள், ஒரு கை கெட்டுப்போன ஒருத்தியின் மறு கையை நம்பி இலை விட்டு நின்றன.

திங்கட்கிழமை அறுவைக்கு வலது கையை டாக்டரிடம் கொடுக்கிறேன். திரும்பி வந்தால் சந்தோஷம். வராவிட்டாலும் நான் ஒட்டுக் கட்டுகிறவள்தான், இனி எனக்குப் பயமில்லை.

முதல் கத்தியை அனுப்பச் சொல்லியிருந்தாய். அனுப்ப மாட்டேன். மெழுகு தேய்த்துப் பெட்டியில் வைத்திருக்கிறேன். நீ அந்தக் கத்தியில் ஒரு தப்பும் செய்யவில்லை, அதற்கான கையைத்தான் இனிமேல் செய்ய வேண்டும்.

நீயும் அவளும் ஞாயிற்றுக்கிழமையே வந்துவிடுங்கள். உள்ளே நான் பார்த்துக்கொள்வேன். வெளியே மாமாவைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும்.

அக்கா